எந்த வட்டம்னு அவரு சொல்லலீங்க

பாத்து வாங்க அம்மிணி, பாட்டலு ஒடஞ்சு கெடக்குது. இந்தச் செருப்போட இந்தப்பக்கமா வர முடியாது. ஆட்டுத்தடத்துலயே எம்பின்னாடி வந்துருங்க. காரை ரோட்டுலயே நிறுத்திட்டீங்கல்ல? செரி. போன மாசம் வந்தவங்க உள்ள வரைக்கும் ஓட்டியாந்து ஒரு வட்டத்து மேலயே ஏத்தீட்டாங்க. அவங்களும் பழசு பாக்க வந்தவங்கதானுங்க. ஏறுனதே தெரியலையாமா.

இதா, இது ஒண்ணு. இப்படிக் கல்லு வட்டமா நிக்குதில்லீங்களா, நடுவுல மண்ணும் சரளையுமா மேடு. மேட்டுக்கு அடியில பலகைக்கல்ல நாலு பக்கமும் நிறுத்திப் பொட்டியாட்ட பண்ணியிருப்பாங்க. மேல ஒரு மூடிக்கல்லு. அதுக்குள்ளதான் செத்தவங்களோட எலும்பு, பானை, பாசிமணி எல்லாம். ரெண்டாயிரத்தி ஐநூறு வருசமிங்கறாங்க. எங்கூர்ல பாண்டுகுழின்னு சொல்லுவாங்க, இந்த எடமே பாண்டுகுழிக்காடு. இந்த வட்டத்துல பதினாலு கல்லு இருந்துச்சு. இப்ப எண்ணிப் பாருங்க, ஒம்பது. மிச்சம் அஞ்சும் அதா, அந்தக் கோழிப்பண்ணை கேட்டோரமா கெடக்குது பாருங்க, வண்டி சுவத்துல இடிக்காம இருக்கறதுக்கு. கேட்டா, காட்டுல சும்மா கெடந்த கல்லுதானே அக்காங்கறாங்க.

எழுதிக்குங்க. வர்றவங்க எல்லாரும் எழுதிக்கத்தான் செய்யறாங்க.

மொத்தம் அறுபத்தோரு வட்டமுங்க. நான் மொதமொதல்ல எண்ணினப்ப. இப்ப இருபத்தி மூணு. கல்லை ஒடைச்சு வேலிக்கு நட்டுக்கிட்டாங்க கொஞ்சப்பேரு. பொதையல் இருக்குதுன்னு நோண்டினவங்க கொஞ்சப்பேரு. அக்கட்ட பெரிய பள்ளமா தெரியுது பாருங்க, மழைத்தண்ணி நிக்குதே, அது கிராவல் மண்ணு அள்ளுனது. நாலுவழி ரோடு போட்டாங்கல்ல, நீங்க வந்தீங்களே அந்த ரோடு, அதுக்கு அடியில கெடக்குதுங்க ஒரு முப்பது வட்டம். நல்ல ரோடுன்னு எல்லாரும் சொல்றாங்க. நல்லாத்தான் இருக்குது.

சித்த நேரம் இந்த வேலாமரத்துக்கடியில உக்காருங்க. எனக்கு முட்டி வலி. தேங்காய்க் களத்துல நாளெல்லாம் குத்த வெச்சே இருந்து இப்படி ஆயிப்போச்சு.

என்ன கேட்டீங்க? எனக்கு எப்படி இதுல இத்தனை ஆர்வமுன்னா? எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. அதுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். நம்ம முன்னோருங்க பெருமை, நம்ம புள்ளைங்களுக்குத் தெரியணும், அப்படியின்னு. காலேசு வாத்தியாரு ஒருத்தரு சொல்லிக் குடுத்தது. பேப்பர்லகூட வந்துச்சு, போட்டோவோட. ஒம்பதாவது படிச்ச பெண்மணி தொன்மையைக் காக்கிறாருன்னு. ஒரு சங்கத்துல கூப்புட்டுப் பொன்னாடை போத்துனாங்க. ஊர்ல சாந்தாமணின்னா யாருக்கும் தெரியாது, குழியக்கான்னாத்தான் தெரியும்.

இன்னிக்கு அந்தப் பதிலைச் சொல்ல எனக்குச் சலிப்பா இருக்குது அம்மிணி. மூணு வாரமா எதுலயும் மனசு ஒட்டறதில்ல. நீங்க தூரத்துக்காரங்க, நாளைக்குப் போயிருவீங்க. அதனால சொல்றேன். இத எழுதிக்காதீங்க.

எம்பையன் கோயமுத்தூர்ல பாலிடெக்னிக் படிக்கறான். அவனுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சு. பொட்டப்புள்ள. எட்டாம் மாசம் எனக்கு ஜன்னி வந்துருச்சு. டவுனு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. கொண்டு போனதுகூட எனக்குத் தெரியாது. மூணு நாளு நெனப்பே இல்ல. நாலாம் நாள் கண்ணைத் தொறக்கறேன், வயிறு காலியா கெடக்குது. பக்கத்துல எங்கூட்டுக்காரரு நிக்கறாரு. எங்கன்னு கேட்டேன். பொறந்துச்சா, என்ன புள்ள, எதுவும் கேக்கல. எங்கன்னுதான் கேட்டேன். வயித்துல இருந்தப்பவே போயிருச்சு, பொட்டப்புள்ளையின்னாரு. மறுபடியும் எங்கன்னேன். அவரு சன்னல் பக்கமா திரும்பிக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, பாண்டுகுழிக்காட்டுல வெச்சிருக்கேன், ஒரு கல்லு வட்டத்துக்குள்ள. சுத்தீலும் கல்லு நிக்குது, நாயி நரி வராது, யாரும் ஏர் ஓட்ட மாட்டாங்க, நீ தூங்குன்னாரு.

நானும் தூங்கீட்டனுங்க. அதுதான் இப்ப நெனச்சா ஆத்தாமையா இருக்குது. அப்படியே நம்பித் தூங்கிப் போயிட்டேன்.

ஒடம்பு தேறுனதுக்கப்புறம் இங்க வந்தேன். அப்பவெல்லாம் இந்தப்பக்கம் பொம்பளைங்க யாரும் வர மாட்டாங்க. பாண்டுகுழிகிட்ட போனா சீக்கு வரும்பாங்க. எனக்கு இனி என்ன சீக்கு வரப்போகுதுன்னு வந்துட்டேன். வந்து பாத்தா இத்தனை வட்டம்! எதுங்கறது? ஊட்டுக்குப் போயி, ஏனுங்க, எந்த வட்டமுன்னு கேட்டேன். மழை பேஞ்சுட்டிருந்துச்சு, அடையாளம் வெக்கல, நடுவால ஏதோ ஒண்ணுன்னாரு. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். எந்த வட்டம்னு அவரு சொல்லலீங்க.

எதுன்னு தெரியாதப்ப நான் என்ன பண்ணட்டும்? அறுபத்தொண்ணுமே எம்புள்ளையோடதுன்னு வெச்சுக்கிட்டேன்.

புதங்கெழமை புதங்கெழமை வருவேன். களத்துல அன்னிக்கு அரைநாள்தான்னு சொல்லி வெச்சிட்டேன். வந்து பூவெல்லாம் போட மாட்டேனுங்க, வெளக்கும் வெக்க மாட்டேன். சும்மா ஒவ்வொரு வட்டமா சுத்தி வருவேன். எதுல கல்லு சாஞ்சிருக்குது, எதுல பெருக்கான் எலி வளை தோண்டியிருக்குது, எதுல முள்ளு மொளைச்சிருக்குதுன்னு பாப்பேன். பாத்துப் பாத்து எல்லாம் மனப்பாடமா ஆயிப்போச்சு. அந்தக் காலேசு வாத்தியாரு வந்து இந்தக் காட்டையே படமா வரைஞ்சாரு, அவருக்கே ரெண்டு வட்டம் விட்டுப் போச்சு. நாந்தான் சொன்னேன்.

எங்கூட்டுக்காரரும் வர ஆரம்பிச்சாரு. நான் கூப்புடல. நான் சுத்தி வர்றப்ப அவரு ஒரு அருவாளை எடுத்துக்கிட்டு சீமைக்கருவேல முள்ள வெட்டி ஓரம் போடுவாரு. பேசறது கெடையாது. ரெண்டு மணி நேரம் வெட்டுவாரு, அப்புறம் வண்டியில கூட்டிட்டுப் போயிருவாரு. அப்பாவாச்சேன்னு நான் நெனச்சுக்குவேன். அவருக்கும் இருக்குமில்லன்னு. என்ன நடிப்புன்னு பாருங்க!

கிராவல் அள்ள ஆரம்பிச்சு அஞ்சு வருசமிருக்கும். ஒரு புதங்கெழமை வர்றேன், மேக்கால பதினோரு வட்டத்தைக் காணோம். மண்ணு செவச்செவன்னு கெடக்குது. அந்தப் பதினொண்ணுல ஒண்ணா இருந்தா? எங்கூட்டுக்காரரப் புடிச்சு உலுக்குனேன். அதுல இருந்துச்சா, சொல்லுங்க, அதுல இருந்துச்சான்னு. இல்ல, அதுல இல்லன்னாரு. அடையாளம் தெரியாதுன்னீங்க, இப்ப இல்லங்கறது மட்டும் எப்படித் தெரியுதுன்னேன். மேக்கால இல்லன்னு மட்டும் தெரியுங்கறாரு. அப்பவாவது எனக்கு ஒறைச்சிருக்கணும்.

அப்புறந்தான் மனு. திங்கக்கெழமை திங்கக்கெழமை கலெக்டர் ஆபீசுல வரிசையில நிப்போம். மனு எழுதறது அவருதான், கையெழுத்து முத்தாட்ட இருக்கும். எண்ணெய் ஆலையில லீவு போட்டுட்டு வருவாரு. பேரை வாங்கிக்குவாங்க, ஒரு சீட்டுக் குடுப்பாங்க, அனுப்பீருவாங்க. மண்ணு அள்ளற டிப்பர் லாரி பாட்டுக்கு ஓடீட்டே இருக்கும்.

ஒருநாள் வெடியால, நான் களத்துக்குக் கெளம்பீட்டு இருக்கேன், ஆளு ஓடி வந்து சொல்றாங்க, நாச்சிமுத்து அண்ணன் டிப்பர் முன்னாடி உக்காந்துட்டாருன்னு. எங்கூட்டுக்காரருதானுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. ஆலைக்குப் போறேன்னு போன மனுசன். போயிப் பாத்தா, டிப்பரு போற தடத்துல துண்டை விரிச்சு உக்காந்திருக்காரு. டிரைவரு கத்தறான், இவரு எந்திரிக்கல. முன்னாடி போக முடியலைன்னு அவன் பின்னால எடுத்து இப்படி ஒடிச்சுத் திருப்பறான். இவரு எந்திரிச்சு மறுபடியும் குறுக்கால போறாரு. டயரு காலு மேல ஏறிருச்சு. வலது காலுல ரெண்டு வெரலு போச்சுங்க. பாதமே தட்டையா ஆயிப்போச்சு. ஆலையில நிக்கற வேலை முடியாதுன்னு கேட்டுல உக்கார வெச்சிட்டாங்க.

ஆனா அதுக்கப்புறந்தான் அதிகாரிங்க வந்தாங்க. ரத்தத்தைப் பாத்தாத்தான் வருவாங்களாட்ட இருக்குது. அளந்தாங்க, கம்பி வேலி போடறோம்னாங்க, ஒரு நீலப் போர்டு வெச்சாங்க. டிப்பரு நின்னு போச்சு. போர்டை வரும்போது பாத்தீங்களா? மடங்கிக் கெடக்குது. யாரோ எருமை கட்டியிருக்காங்க.

செரி, மூணு வாரத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு வர்றேன்.

தோண்டி ஆராய்ச்சி பண்றதுக்கு சாங்சன் வந்துருச்சுன்னு அருள்விழின்னு ஒரு மேடம் வந்தாங்க. சின்ன வயசு, நல்ல புள்ள. அக்கா அக்கான்னு பிரியமா பேசும். இருக்கறதுலயே கெடாத வட்டமா ஒண்ணைக் காட்டுங்கக்கான்னுச்சு. நான் காட்டல. அதுவே சுத்திப் பாத்து, தெக்கால நடுவுல இருக்கற பெரிய வட்டத்தை எடுத்துருச்சு. நடுவால ஏதோ ஒண்ணுன்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரில்லீங்களா.

அன்னிக்குப் பொழுதோட அவரு தொட்டியில மூஞ்சி கழுவீட்டு இருக்கறாரு. போயி நின்னேன்.

"தெக்கால பெரிய வட்டத்தைத் தோண்டறாங்க. அதுவா?"

தண்ணியை அள்ளி அள்ளி மூஞ்சியிலயே ஊத்தறாரு.

"மண்ணைச் சல்லடையில போட்டுச் சலிப்பாங்களாமா. சின்ன எலும்பு கெடைச்சா எந்தக் காலத்துதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போகும். எடுத்து அட்டைப் பொட்டியில போட்டு நம்பர் ஒட்டீருவாங்க. இப்பவாவது சொல்லுங்க, அதுவா?"

தெரியலைன்னுட்டு, சோறுகூட உங்காம வெளிய போயிட்டாரு.

மறுநாள் அவங்க நாலு குச்சி நட்டுக் கயித்தைக் கட்டியிருந்தாங்க. நான் போயி அந்த மேட்டு மேல உக்காந்துட்டேன். அருள்விழி ஓடி வருது. "அக்கா, என்னக்கா இது? இத்தனை வருசமா காப்பாத்துங்க காப்பாத்துங்கன்னு நீங்கதானே மனுக் குடுத்தீங்க? காப்பாத்தத்தானே வந்திருக்கோம்?" அப்படீங்குது.

"காப்பாத்தறதுன்னா தோண்டறதாம்மா?"ன்னேன்.

வேலையாளுங்க சிரிக்கறாங்க. குழியக்காவுக்குப் பித்துப் புடிச்சிருச்சுன்னு ஒருத்தன் சொல்றது காதுல உழுகுது. யாரோ எங்கூட்டுக்காரருக்குப் போன் போட்டாங்க. நொண்டிக்கிட்டே மேடேறி வந்தாரு. எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிட்டு எம்முன்னாடி உக்காந்தாரு. அவருக்கு அந்தக் காலை மடக்கி உக்காரவே முடியாதுங்க, உக்காந்தாரு.

"எந்திரி சாந்தாமணி. அவங்க வேலையப் பாக்கட்டும்."

"எதுன்னு சொல்லுங்க, எந்திரிக்கறேன்."

"இது இல்ல."

"அப்ப எது?"

"எதுவும் இல்ல."

எனக்குப் புரியல. அவரு மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கிட்டே சொல்றாரு. "உனக்கு ரத்தம் வேணும்னாங்க. கெடைக்காத வகை. ஒவ்வொரு எடமா ஓடுனேன். ரெண்டு பாட்டலு வாங்கிட்டு வர்றதுக்குள்ள பொழுது எறங்கிப் போச்சு. வந்து பாத்தா எங்கண்ணன் கையெழுத்துப் போட்டு, புள்ளையை ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டாரு. அவங்களே பாத்துக்குவாங்கன்னு. எங்கன்னு கேட்டு அலைஞ்சேன். முடிஞ்சு போச்சுன்னுட்டாங்க."

"மொகம்?"னேன்.

"பாக்கல."

அப்புறம் சொல்றாரு, "நீ கண்ணு முழிச்சதும் எங்கன்னு கேட்ட. ஆஸ்பத்திரியில குடுத்தாச்சுன்னு சொல்ல வாயி வரல. பாண்டுகுழிக்காடுன்னு வந்துருச்சு. நீ தூங்கீட்ட. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

கேட்டீங்களா அம்மிணி? பதினேழு வருசம்! பதினேழு வருசம் ஒரு மனுசன் ஒருத்தியை வெறுங்காட்டைச் சுத்த விட்டிருக்கறாரு. கூடவே வந்து முள்ளும் வெட்டியிருக்கறாரு. உள்ள ஒண்ணுமில்லன்னு தெரியுது, தெரிஞ்சுக்கிட்டே வெயில்ல நின்னு வெட்டியிருக்கறாரு. மனு எழுதியிருக்கறாரு. ஒண்ணுமில்லாத எடத்துக்கு எவனாச்சும் டிப்பருக்கடியில காலைக் குடுப்பானுங்களா? என்னை நம்ப வெக்கறதுக்கு அத்தனை தூரமா போவாங்க? எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது. பொய்யி சொன்னதைக்கூட மன்னிச்சுருவேன். நசுங்கிப் போன அந்தக் காலை நெனச்சாத்தான், இந்த மனுசன் நெஞ்சழுத்தம் எத்தனைன்னு தோணுது.

நான் மொகம் பாக்கல. அவரும் பாக்கல. பாத்தது எங்க மச்சாண்டாரு ஒருத்தருதான், அவரோட அண்ணன். அவரு தவறி நாலு வருசமாச்சு. கறுப்பா செவப்பா, தலையில முடி இருந்துச்சா, கேக்கறதுக்குக்கூட இனி ஆளில்லீங்க.

நான் எந்திரிச்சுட்டேன். தோண்டுங்கன்னு சொல்லிட்டேன். பத்து நாளு தோண்டுனாங்க. நானும் போயி நின்னு பாத்தேன், இனி எனக்கென்ன பயம். மூடிக்கல்லை சங்கிலி போட்டுத் தூக்குனாங்க. அருள்விழி மண்டி போட்டு, ஒரு சின்ன பிரஷ்ஷை வெச்சு மெல்ல மெல்ல மண்ணைத் தட்டுது. என்ன இருந்துச்சுன்னு நெனைக்கறீங்க? நாலு பானை ஓடு. ஒரு பீடிக்கட்டுக் காயிதம். எவனோ எப்பவோ பக்கவாட்டுல ஓட்டை போட்டு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டானுங்க. மேல பாத்தா கல்லு ஒண்ணுகூட அசையல. அந்தப் புள்ளைக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. நாந்தான் தோளைத் தட்டி, போம்மா, போயித் தண்ணி குடின்னேன்.

மூணு வாரமா அவருகிட்ட நான் பேசறதில்ல. சோத்தைப் போட்டு வெச்சிருவேன். அவரு உண்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

இன்னிக்கு எதுக்கு வந்தன்னு கேக்கறீங்களா? நீங்க போன் பண்ணி வர்றேன்னீங்க, வந்தேன். புதங்கெழமை வேற. போன வாரமும் வந்தேன், அதுக்கு முந்துன வாரமும் வந்தேன். ஊட்டுல இருந்தா என்ன பண்றதுன்னு தெரியல. வந்தா கண்ணு அதும்பாட்டுக்குப் பாக்குது. கெழக்கால கோடியில ஒண்ணுல ரெண்டு கல்லு சாஞ்சிருக்குது, மழைக்கு முன்னாடி நிமித்தி வெக்கணும். யாரு புள்ளையோ, யாரு அப்பனோ, யாரோ அழுதுட்டுத்தானே வெச்சிட்டுப் போயிருப்பாங்க. எதுக்கோ இருந்துட்டுப் போகட்டும்.

அதா, அக்கட்ட பாருங்க. பள்ளத்துக்கு அந்தப்பக்கம். வெள்ளைத் துண்டு தெரியுதுங்களா? அவருதான். நான் வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டாராட்ட இருக்குது. இப்ப எதுக்கு முள்ளு வெட்டறாரு? பொய்யிதான் ஒடைஞ்சு போச்சே. யாரை நம்ப வெக்கறதுக்கு வெட்டறாரு? எனக்கு வெளங்கவே இல்லீங்க. உச்சி வெயிலு. தலையில அந்தத் துண்டைக் கட்டுனாத்தான் என்ன?

நீங்க அந்தப்பக்கத்து வட்டத்தையும் பாக்கணும்ல? அப்ப ஒண்ணு பண்ணுங்க. உங்க பாட்டல்ல தண்ணி தீந்து போச்சே, குடுங்க இப்படி. என் தூக்குப்போசியில மோரு இருக்குது, ஊத்தித் தர்றேன். போறப்ப அவருகிட்டக் குடுத்துருங்க. உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன், அவருக்கு பிரசர் இருக்குது. நீங்க கொண்டாந்ததுன்னு சொல்லுங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லீராதீங்க.